தண்ணீருக்கு வைத்த பெயர்

கொக்கரைப்பட்டியில் ஒரே குடிசையில் மூன்று பேர் குடியிருந்தார்கள்: சடையப்பன், கொண்டான், தவசி. சடையப்பனுக்குத் தன் புத்தியின் மேல் நம்பிக்கையே கிடையாது. மற்ற இருவரோடு பழகிய பிறகுதான் கொஞ்சம் வந்தது.

சந்தையில் இவர்கள் வாயைத் திறந்தாலே ஊர் சிரிக்கும். அதற்கான காரணத்தைச் சடையப்பன்தான் கண்டுபிடித்தான்.

“நாம பேசறது எல்லாருக்கும் புரியுதுடா. அதனாலதான் முட்டாளுங்கன்னு தெரிஞ்சுபோகுது. யாருக்கும் புரியாத பாஷை பேசினா, பண்டிதருங்கன்னு கும்பிடுவாங்க.”

அன்றே புதுப் பாஷை பிறந்தது. விதி ஒன்றுதான்: ஒரு பொருளைத் தொட்டதும் வாயில் முதலில் என்ன வருகிறதோ, அதுவே அதன் பெயர்.

எருமை கொண்டானின் காலை மிதித்தது. எருமைக்கு ‘அம்மாடி’ என்று பெயர் வந்தது. தவசி எரிகிற கொள்ளிக்கட்டையைப் பிடித்து உதறினான். நெருப்பு ‘ஐயையோ’ ஆனது. சடையப்பன் தண்ணீரை வாய் நிறைய மொண்டு குடித்தான். சத்தமே வரவில்லை.

“அப்போ தண்ணிக்கு என்ன பேரு?” என்றான் கொண்டான்.

“பேரில்லாம விட்டா தண்ணி கோவிச்சுக்காதா?” என்று தவசி கவலைப்பட்டான்.

“வாயை இறுக்க மூடிக்கிட்டு நின்னா, அதான் தண்ணி. விதின்னா விதிதான்,” என்று சடையப்பன் தீர்ப்புச் சொன்னான். தன் பாஷையின் ஆழம் அவனுக்கே பயமாக இருந்தது.

தவசி உதறிய கொள்ளி கூரையில் சிக்கி, கூரை எரிவதை அப்போதுதான் பார்த்தார்கள்.

“ஐயையோ! ஐயையோ!” என்று கத்திக்கொண்டு மூவரும் வெளியே ஓடினார்கள். பாஷை அருமையாக வேலை செய்தது. பக்கத்து வீட்டுப் பெரியக்காள் பதறி ஓடிவந்தாள்.

“என்னடா வேணும்?”

மூவரும் வாயை இறுக்க மூடிக்கொண்டார்கள். அவசரம் என்பதால் கொண்டான் கையாலும் பொத்திக்கொண்டான்.

“கேக்கறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?”

சடையப்பனுக்குப் பளிச்சென்று பட்டது. நம் வாயில் இருப்பது தண்ணீர் என்ற சொல். அதை இவள் கொழுக்கட்டை என்கிறாள். அப்படியானால் இவள் பாஷையில் தண்ணீருக்குப் பெயர் அதுதான்!

“ஆமாக்கா, கொழுக்கட்டைதான்! குடம் குடமாக் கொண்டாங்க!”

பெரியக்காளும் கொக்கரைப்பட்டிக்காரிதானே! மாவு பிசைந்து, பூரணம் வைத்து, பதமாக வேகவைத்து அவள் குடத்தோடு வந்தபோது, குடிசை இருந்த இடத்தில் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது.

மூவரும் அதன் ஓரமாக உட்கார்ந்து குடத்தைக் காலி செய்தார்கள். சடையப்பன் விரலை நக்கிக்கொண்டு யோசித்தான்.

“தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்கா வீட்டுக் கிணத்துல வெல்லம் கொஞ்சம் கம்மி.”