ஜோடி போட்ட ரெண்டு கார்டும் எங்க டேபிள் ஃபேனும்

எங்க கொழுந்தனார் மகுடீஸ்வரன் புளுக ஆரம்பிச்சா, ஏதோ கேக்கப் போறாருன்னு அர்த்தம். போன தடவை புளுகி முடிச்சப்ப எங்க வீட்டு ஸ்டூல் போச்சு. இந்தத் தடவை டேபிள் ஃபேன். காலையிலேயே என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டாராம். அவரு, "உங்க அண்ணியக் கேட்டுக்கோ"ன்னு என் தலையில கட்டிட்டு வெளிய கெளம்பிட்டாரு. திருப்பூர்ல தகர ஷீட் போட்டு வரிசையா ஒட்டிக் கட்டுன லைன் வீடு எங்களுது. வேர்க்குரு வந்த என் பாப்பா அந்த ஃபேன் காத்துலதான் கண்ணை மூடுவா. ஆனா நாலு பேர் முன்னால முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அது அவருக்கும் தெரியும்.

அன்னைக்கு ஆயுத பூஜை. எங்களுக்கு அடுத்த வீட்டுல கொழுந்தனார் அவரோட கேம் கம்ப்யூட்டருக்குப் பூஜை போட்டுட்டு லைன்காரங்களை எல்லாம் கூப்பிட்டிருந்தாரு. பொரி தின்னுக்கிட்டு உக்காந்திருந்தோம்.

"ஏஞ்சாமி, மெஷினை அணைச்சு வச்சுத்தானே கும்பிடணும்?"ன்னு கேட்டாங்க ருக்குமணி அக்கா. அவங்க கடைசி வீடு, பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர்.

"இது நிக்காத பொட்டிக்கா. உள்ள ரெண்டு கிராபிக்ஸ் கார்டு. கேமுக்குப் படம் போடுறதே அதுதான். ஒண்ணு மூடுன பிரவுசிங் சென்டர்ல கெடந்த கெழட்டு கார்டு. இன்னொண்ணு புதுசு, செங்கல் தண்டி பெருசு. வேற வேற சாதி கார்டு, சேராதுன்னு கடைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். நான் ஒரு அதட்டு அதட்டினேன். சேந்துக்கிச்சு."

"அதட்டினதுக்கா?"

"கேளுங்கக்கா. திரையில இடது பாதிக்குப் பெருசு படம் போடும், வலது பாதிக்குச் சின்னது. சின்னது கொஞ்சம் மெதுவு. இந்தப் பக்கம் எதிரியைச் சுட்டேன்னா குண்டு அந்தப் பக்கம் போய்ச் சேரப் பத்து நிமிசம். அதுக்குள்ள நான் சோறு தின்னு கைகழுவிட்டு வந்து, அவன் சாகறதப் பாப்பேன்."

"கெழவனா இருந்தா அதுக்குள்ள தானாவே போயிருவான்"னாங்க அக்கா.

சிரிச்சோம். கொழுந்தனார் காதுல வாங்கல. "மழை பேயிற கேம் போட்டேன். படம் அவ்வளவு தத்ரூபம். வெளிய காயப்போட்ட துணி பூரா நனைஞ்சு போச்சு."

"அன்னைக்கு ஊருக்கே மழைடா."

"அதைத்தான்க்கா சொல்றேன்! ஊருக்கே பேஞ்சுதில்ல? கார் ரேஸு இன்னும் மோசம். நான் பட்டனை அமுக்கறதுக்குள்ள கார் ஜெயிச்சிருச்சு. தேதியைப் பாத்தா முந்தாநாளே ஜெயிச்சிருக்கு!"

அக்காவுக்குப் பொரி புரையேறிப் போச்சு. தலையைத் தட்டிவிட்டேன். கொழுந்தனார் என் பக்கம் திரும்பி உக்காந்தாரு. சரி, ஃபேனுக்கு வந்துட்டாரு.

"உள்ள ஆறு ஃபேன் அண்ணி. சூறாவளி! நேத்து ஜன்னலுக்கு வந்த காக்கா, அந்தக் காத்துல பின்பக்கமாவே பறந்து பல்லடம் போயிருச்சு. இதோ, இப்பவும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. என்ன, ரெண்டு கார்டும் சேந்து ஒழைக்குதா, கொஞ்சம் சூடு. உங்க டேபிள் ஃபேனைக் குடுங்க. ரெண்டே நாளு."

எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். குனிஞ்ச எடத்துல, பொட்டிக்கு முன்னால அரை ஜாண் தள்ளி, அகல் விளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. காத்து வர்ற ஓட்டைக்கு நேரா, ஆடாம அசையாம.

"தம்பி…" எனக்கே என் சத்தம் கேக்கல. இன்னொருக்கா சொன்னேன். "காக்காயே பல்லடம் போச்சுங்கறீங்க. இந்த விளக்கு ஆடக்கூட இல்லீங்களே?"

ருக்குமணி அக்கா கைல இருந்த பொரியைப் போட்டுட்டு எந்திரிச்சுப் போய் ஓட்டைக்குள்ள எட்டிப் பாத்தாங்க. "அடப்பாவி! பொட்டு வைக்கறதுன்னா இப்படியா? றெக்கைக்கு றெக்கை சந்தனத்தை அப்பி வச்சிருக்கறான். காஞ்சு ஒட்டிப் போய் ஆறும் நிக்குது. அப்புறம் சூடாகாம என்ன பண்ணும்?"

கொழுந்தனார் நெஞ்சை நிமித்துனாரு. "நான்தான்க்கா வேணும்னே நிறுத்தி வச்சேன். ஓடவிட்டா உங்க வீட்டுத் தகரமெல்லாம் பறந்துருமேன்னுதான்."

"ரொம்ப புண்ணியமுங்க தம்பி"ன்னேன். "எங்க ஃபேன் தகரத்தை எல்லாம் தூக்காது. அது பாப்பாகிட்டவே இருக்கட்டும்."