கோல் போடாத ஏழு வருஷம்

"ஏழு வருஷமா ஆடறேன். என் பேரில் ஒரு கோல்கூட இல்லை. நான் என்னதான் செஞ்சிருக்கேன், நீயே சொல்லு."

டங்கன் கேட்டான். உடை மாற்றும் அறையில், சறுக்குக் காலணியின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டான்.

கேட்டது எல்ஸியாரிடம். கோல் காக்கிறவன். டங்கனைவிட நாலு வயசு சின்னவன். என்ன கேட்டாலும் சட்டென்று பதில் வராது. வாயில் கொழுக்கட்டையா என்று நமக்கே கோபம் வரும். நம் ஊராக இருந்தால் சாமியார் என்று பெயர் வைத்திருப்பார்கள். கனடாவின் வடக்கே, வெள்ளி தோண்டும் அந்த ஊரில், பாதிரி என்று வைத்தார்கள். குழுவில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் அவன் பக்கத்தில்தான் போய் உட்காருவார்கள்.

ஐஸ் ஹாக்கி ஆடுகிறவனுக்குச் சம்பளம் என்று ஒன்று கொடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. விளையாட்டுக்குக் கூலி வாங்குகிறவன் என் வாசலை மிதிக்க வேண்டாம் என்று டங்கனின் அப்பா சொல்லிவிட்டார். டங்கன் மிதிக்கவில்லை. அப்பாவை விட்டுவிட்டுப் பிடித்த வேலை.

அவன் இடம் கோலுக்கு நேர் முன்னால். வருகிறவனை மறிக்க வேண்டும், வருகிற ரப்பர் வட்டைத் தடுக்க வேண்டும், அவ்வளவுதான். கோல் போட வேறு ஆட்கள் இருந்தார்கள். பேப்பரில் பேர் வருவதும் அவர்களுக்குத்தான்.

அன்றைக்கு சீசனின் கடைசி ஆட்டம். முடிந்ததும் மேனேஜர் ஹார்க்னஸ் அடுத்த வருஷத்துக்கு யார் யார் என்று சொல்வார். டங்கனுக்கு முப்பத்துநாலு வயசு. வேண்டாம் என்றால் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியதுதான். அதைக்கூட அவன் பெரிசாக நினைக்கவில்லை. ஏழு வருஷமும் வீணோ என்பதுதான் அவனை அரித்தது.

"பாரு" என்று காலைக் காட்டினான். முழங்காலுக்குக் கீழே எல்லாம் கத்தரிக்காய் நிறம். "பல்லு மூணு போச்சு. எதுக்கு?"

எல்ஸியார் எழுந்தான். சட்டையைக் கழற்றினான். மார்பைக் காட்டினான். திரும்பி முதுகைக் காட்டினான்.

"என்ன பார்த்தே?"

"ஒண்ணுமில்லை."

"நல்லா பார்த்தியா?"

"பார்க்க என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லைங்கிறேன்."

"சரி" என்று எல்ஸியார் சட்டையை மாட்டிக்கொண்டான்.

கேட்டது ஒன்று, காட்டுவது ஒன்று. டங்கனுக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. இவனிடம் போய்க் கேட்டேனே என்று கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

ஆட்டம் நன்றாகவே போயிற்று. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிஷத்தில் ஐந்துக்குப் பூஜ்யம். அப்போதுதான் எதிரணிக்காரன் ஒருவன் விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டான். தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு மரியாதை உண்டு. மாற்று ஆள் கிடையாது. ஏழு பேர் இறங்கினால் ஏழு பேரும் கடைசிவரை ஆட வேண்டும். எதிரணியில் ஒருவன் அடிபட்டுப் போனால், நாமும் ஒருவனை வெளியே உட்கார வைக்க வேண்டும். ஆறுக்கு ஆறு. யாரை என்பது நம் இஷ்டம். யார் இல்லாமல் ஓட்டிவிடலாமோ அவனைத்தான் உட்கார வைப்பார்கள், வேறென்ன? ஏழு வருஷத்தில் டங்கனை ஒரு தரமும் உட்கார வைத்ததில்லை.

ஹார்க்னஸ் வேலியோரம் வந்து நின்றார். ஐந்து கோல் கையில் இருந்த தைரியத்தில் எல்ஸியாரைப் பார்த்துக் கேட்டார்.

"யாரை உட்கார வைக்கலாம், பாதிரி?"

எல்ஸியார் கம்பை நீட்டினான். டங்கனை நோக்கி.

"நிஜமாவா?"

எல்ஸியார் தலையாட்டினான். கோல் காக்கிறவனே சொல்லும்போது மேனேஜருக்கென்ன?

டங்கன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். யாரோ தோளில் கம்பளியைப் போர்த்தினார்கள். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மனசில் இருந்ததை நம்பிச் சொன்னேன், சமயம் பார்த்துக் கழுத்தறுத்துவிட்டானே பாவி என்று நினைத்தான். அழுகை வந்தது. ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று குனிந்துகொண்டான்.

பிறகு சத்தம் கேட்டது.

வட்டு உடம்பில் விழும் சத்தம். அது அவனுக்குப் பழக்கமான சத்தம். ஆனால் இதுவரை அவன் உடம்பில் விழுந்துதான் கேட்டிருக்கிறான். நிமிர்ந்தான்.

கோலுக்கு முன்னால் யாரும் இல்லை. அவன் நிற்கும் இடத்தில் வெறும் பனி. எதிரணிக்காரர்கள் நேராக வந்தார்கள், நிதானமாக நின்று அடித்தார்கள். கோல் காக்கிறவன் அப்போதெல்லாம் விழுந்து தடுக்கக் கூடாது. விழுந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நின்றபடியே வாங்க வேண்டும். காலுக்கு ஒரு காப்பு உண்டு. மார்புக்கு ஒரு மண்ணும் கிடையாது.

ஒன்று விலாவில் பட்டது. ஒன்று தோளில். எல்ஸியார் நின்றான்.

கம்பளிக்குள் டங்கனின் கால்கள் தானாகவே இடமும் வலமும் நகர்ந்தன. "மறிங்கடா" என்று முனகினான். மறிக்க ஆளில்லை. ஒரு கோல் போயிற்று. இன்னொன்று. மூன்றாவது. மணி பார்க்கப் பயந்து ஹார்க்னஸ் தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். நாலாவது.

இருபது நிமிஷம். நாலு நாள் போல இருந்தது.

ஐந்துக்கு நாலு என்று ஆட்டம் முடிந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் ஊரே குதித்தது. எல்ஸியார் மட்டும் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

உடை மாற்றும் அறையில் அவனால் கையைத் தூக்க முடியவில்லை.

"சட்டையைக் கழற்றிவிடு, டங்கன்."

டங்கன் கழற்றிவிட்டான்.

மார்பு, விலா, தோள். எங்கே பார்த்தாலும் கன்றிப்போயிருந்தது. ஓர் இடத்தில் வட்டின் விளிம்பு அப்படியே பதிந்து, பாதி நிலாவாகச் சிவந்திருந்தது.

"வேணும்னேதான் என்னைக் கை காட்டினியா?"

"கேட்டது நீதானே."

வாளியில் இருந்த ஐஸைத் துணியில் கட்டினான். விலாவில் ஒற்றினான்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஹார்க்னஸ் வந்தார். எல்ஸியாரின் மார்பைப் பார்த்தார்.

"டங்கன், போயிடாதே. அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

டங்கன் திரும்பவில்லை. தோளில் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

எல்ஸியார் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

"ஆட்டத்துக்கு முன்னாடி காட்டினேனே, அப்ப இங்கே என்ன பார்த்தே?"

டங்கன் 'ஒண்ணுமில்லை' என்று சொல்லப்போனான். "என் ஏழு வருஷத்தை" என்றான்.