ஒச்சப்பன் நாய்க்கு அளவெடுத்த கதை

அப்படியேபட்டிக்காரர்களைப் பற்றி வெளியூரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நான் சொல்லத்தான் போகிறேன். அந்த ஊர் ஆளிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னது சொன்னபடி நடக்கும். சொல்லாமல் விட்டது மட்டும் நடக்காது.

அந்த ஊர் ஒச்சப்பன் ஒரு நாய் வளர்த்தான். பெயர் ஜமீன். செவலை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். தங்கமான நாய்தான். கழுத்தில் கயிறு கட்டி வெளியே கூட்டிப்போனால் மட்டும் பேய் பிடித்ததுபோல இழுக்கும். ஒரு நாள் ஒச்சப்பன் மனைவி பவளக்கொடி கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தபோது எதிரே ஒரு பூனை வந்தது. பால் சொசைட்டி வாசல்வரை ஜமீன் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முழங்கால் இரண்டும் தேய்ந்து வீடு வந்தவள் தீர்ப்புச் சொன்னாள். “இழுக்கிறது எதுவா இருந்தாலும் இனிமே இந்த வீட்ல இருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை நானே கூட வந்து பார்ப்பேன். பால் சொசைட்டி வரைக்கும் இழுக்காம போயிட்டு வரணும். இழுத்துச்சோ, மத்தியான பஸ்ல எங்கண்ணன் தோப்புக்கு அனுப்பிருவேன்.”

ஒச்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜமீன் இல்லாத வீட்டை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது. கூட்டாளிகள் மொக்கச்சாமியையும் பெத்தணனையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்க் கால்நடை டாக்டரம்மாவைப் பார்த்தான்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “கழுத்துல கட்டினா மூச்சுக்குழாய் நெரியும். நெஞ்சைச் சுத்தி மாட்டுற பெல்ட் தைச்சுக்குங்க, முன்பக்கம் வளையம் வச்சு. நாலு காலையும் தரையில ஊனி அசையாம நிக்கும்போது, முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி அளவெடுக்கணும். மாட்டினா உடம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். பிடிக்கிறவங்க கயிறைக் கையில சுத்தக் கூடாது. இழுத்தா அந்த இடத்துலயே நின்னுடணும். கயிறு தளர்ந்தாத்தான் நடக்கணும்.”

மூவரும் பஸ்ஸில் இதை மனப்பாடம் செய்துகொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அளவெடுக்கப் போனால் ஜமீன் நிற்கவில்லை. படுத்தது, உருண்டது, டேப்பில் நாலு அங்குலத்தைக் கடித்துத் தின்றது.

“நிறுத்துங்கப்பா,” என்றார் மொக்கச்சாமி. மூவரில் கைக்கடிகாரம் கட்டியவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. “அசையாம நிக்கிறதைத்தான் அளக்கச் சொன்னாங்க. இது அசையுது. இதை அளந்தா டாக்டரம்மா பேச்சை மீறின மாதிரி.”

“அப்போ எதைண்ணே அளக்கிறது?” என்றான் பெத்தணன்.

“நாலு காலையும் ஊனி அசையாம நிக்கிறது எதுவோ அதை.”

நாயைக் காப்பாற்ற ஒச்சப்பன் எதற்கும் தயார். உடனே கையையும் காலையும் தரையில் ஊன்றி நின்றான். மூச்சுகூட விடவில்லை. கைதான் முன்னங்கால் என்று முடிவாகி, அதற்குப் பின்னால் டேப்பைச் சுற்றினார்கள். நாற்பது அங்குலம்.

பை தைக்கிற கடைக்காரர் அளவைப் பார்த்துவிட்டு, “நாயா, கன்னுக்குட்டியா?” என்று கேட்டார். “நாய்தான், அசையாம நின்னு அளந்தது,” என்றார் மொக்கச்சாமி. கடைக்காரர் மேற்கொண்டு கேட்காமல் தைத்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலை ஜமீனுக்கு மாட்டினார்கள். ஜமீன் அதன் வழியாக நடந்து வெளியே வந்துவிட்டது. இரண்டு விரல் போகிறதா என்று சோதிக்க விரலை விட்ட பெத்தணன், பிறகு தலையையும் விட்டுப் பார்த்தான். தாராளமாகப் போனது.

“தையல் தப்பா?” என்றான் ஒச்சப்பன்.

“டாக்டரம்மா சொன்ன அளவு எப்படித் தப்பாகும்?” என்றார் மொக்கச்சாமி. “யாருக்கு ரெண்டு விரல் போகுதோ அவங்களுக்குத்தான் பெல்ட்.”

மொக்கச்சாமி மாட்டிப் பார்த்தார், விரலே போகவில்லை. பெத்தணன் மாட்டிப் பார்த்தான். முழுக் கையும் போனது. ஒச்சப்பனுக்கு மாட்டியதும் பெத்தணனின் இரண்டு விரல்களும் கச்சிதமாக உள்ளே போயின. மூவருக்கும் நிம்மதியாக இருந்தது.

“கயிறை யார் பிடிக்கிறது?” என்றான் பெத்தணன்.

“கையில சுத்தாத ஆளு வேணும்,” என்றார் மொக்கச்சாமி.

கையே இல்லாத ஆள் ஜமீன்தான். பெல்ட் வளையத்தில் கோத்தது கருவாட்டு மூட்டை கட்டிய கயிறு என்பதால் ஜமீனும் மறுக்காமல் வாயில் கவ்விக்கொண்டது.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பெல்ட் மாட்டிய ஒச்சப்பன், பக்கத்தில் பெல்ட்டிலிருந்து விரலை எடுக்காத பெத்தணன், மறுபக்கம் மொக்கச்சாமி, பின்னால் கயிற்றைக் கவ்வியபடி ஜமீன், அதற்கும் பின்னால் இடுப்பில் கைவைத்தபடி பவளக்கொடி. பூனை குறுக்கே போனது. ஜமீன் கயிற்றை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. ஒச்சப்பனுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

பால் சொசைட்டிக்குப் பக்கத்து டீக்கடையில் அப்போதுதான் உளுந்தவடை எண்ணெயிலிருந்து வெளியே வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத ஒச்சப்பன் அந்தப் பக்கம் ஒரே இழுப்பாக இழுத்தான். பெத்தணன் தடுமாறிக் கீழே விழுந்தான். ஜமீனோ அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஒச்சப்பன் சலித்துப்போய்க் கயிறு தளர்ந்த பிறகுதான் அடுத்த அடி எடுத்துவைத்தது.

“டாக்டரம்மா சொன்னதை நம்ம மூணு பேரை விடச் சரியாப் புரிஞ்சிக்கிட்டது இதுதான்யா,” என்று மொக்கச்சாமி கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜமீன் காலில் கட்டினார்.

பவளக்கொடி பேச்சு மாறாதவள். “நாய் இழுக்கலை, அது வீட்ல இருக்கட்டும். இழுத்தது எதுன்னு எல்லாரும் பாத்தீங்கல்ல?”

யாரும் மறுக்கவில்லை. ஒச்சப்பனும் மறுக்கவில்லை. ஜமீன் வீட்டில் இருக்கப்போகிறது, அவனுக்கு அது போதும்.

அன்று மத்தியான பஸ்ஸில், நெஞ்சில் பெல்ட்டோடு அவன் மச்சான் தோப்புக்குப் புறப்பட்டான். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார்.

“ரெண்டு குடுங்க,” என்றான் பக்கத்து சீட்டில் இருந்த பெத்தணன். “ரெண்டு விரல் போகணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எப்போ எடுக்கணும்னு சொல்லவே இல்லை.”