தண்டபாணி கண்ட கிருமி

அந்தப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் அறை ஆயுத பூஜைக்கு மட்டும்தான் திறக்கும். செங்கல் சூளைத்தெரு மாணவி பூங்கோதை மைக்ராஸ்கோப் பார்க்கணும் என்று கேட்டால், தாளாளர் தண்டபாணி சீறுவார்: "செங்கல் தூக்குற கை உடைச்சுப்புடும். தொடாமலே உள்ளே என்ன தெரியுதுன்னு சொல்லு, சாவியே தர்றேன்!"

ஒருநாள் கல்வி அதிகாரி வந்தார். தண்டபாணி அவருக்காக அறையைத் திறந்து, ஜம்பமாக மைக்ராஸ்கோப் குழாயில் கண்ணை வைத்து, "ஆகா, கிருமி என்னமா நெளியுது!" என்றார்.

வாசலில் நின்ற பூங்கோதை சொன்னாள்: "சந்தனம்ல தெரியணும்? பூஜையன்னிக்குக் குழாயோட அடிக்கண்ணாடியில நீங்க வெச்ச பொட்டை யாருமே துடைக்கலீங்களேய்யா!"

அதிகாரி குனிந்து பார்த்தார். பொட்டு காய்ந்து அப்பியிருந்தது. அவருக்குச் சிரிப்பு தாளவில்லை.

"தொடாமலே சொல்லிட்டேன். சாவி குடுங்கய்யா."

அன்று சூளைத்தெருப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு முதன்முதலாகப் பெரிதாக்கிப் பார்த்தது, சுரண்டியெடுத்த அந்தச் சந்தனத்தைத்தான். கிருமி ஒன்றும் நெளியவில்லை.