படத்தில் இருந்த இருபத்தேழு வடை

ஓலைமடைக்காரர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னபடியே செய்வார்கள். அந்த ஊரைப் பிடித்த கேடே அதுதான்.

இசக்கியம்மாள் பதினோரு வருஷம் கூடையில் வடை சுமந்து விற்றவள். நாலு பெண்களோடு குழு சேர்ந்து, சிறுகடன் வாங்கி, பஸ் ஸ்டாப்பில் புதுத் தள்ளுவண்டி போட்டாள். முதல் நாளே கடன் ஆபீசர் வந்து வண்டியைப் போனில் போட்டோ பிடித்து, அவள் போனுக்கும் அனுப்பினார்.

"இந்த மாசத்துல எப்ப வேணாலும் சோதனைக்கு வருவேன். படத்துல உள்ளது அப்படியே இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் வண்டியைத் தூக்கிருவேன். சரியா இருந்தா அடுத்த கடன் ரெண்டு மடங்கு."

வண்டி போய்விடுமோ என்று பயந்து இசக்கியம்மாள் உடனே போனை எடுத்தாள். படத்தைப் பார்த்து எண்ணினாள். தட்டில் இருபத்தேழு வடை.

"ரெண்டு வடை குடு தாயி" என்று ஒருவர் வந்தார்.

"குடியக் கெடுக்கவா வந்திய? நடங்க அங்கிட்டு!"

சாயங்காலம் குழு கூடியது.

"படத்துல உள்ளத விக்கக் கூடாது" என்றாள் தலைவி செண்பகவடிவு.

"புதுசா சுட்டு விக்கட்டா, மதினி?"

"கூறுகெட்டவளே, சுட்டா இருபத்தெட்டு ஆயிருமே! அந்த ஒண்ணு படத்துல எங்க இருக்கு?"

எல்லோரும் தேடிப் பார்த்தார்கள். இல்லைதான்.

"கூரை மேல ஒரு காக்கா இருக்கே?"

"அது தெனமும் தானா வருது. இவருதான் சிக்கல்."

படத்தின் ஓரத்தில் கொத்தனார் சொள்ளமுத்து, கடிக்கப் போன வடையோடு வாயைப் பிளந்து நின்றார். ஆளனுப்பிக் கூட்டி வந்தார்கள். ஒரு நாள் கூலி எண்ணூறு கேட்டார். கடனில் மிச்சமிருந்த பணம் அதற்குப் போனது. அவர் கைக்கு மட்டும் ஒரு வடை சுட்டுக் கொடுத்தார்கள். தினமும் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஈ போகுது, தாயி."

"போனா போகட்டும். மூடிராதிய அண்ணே!"

வடைக்குப் பச்சைத் தாடி முளைத்தது. வாடிக்கைக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். இருபத்தொன்பதாம் நாள் ஆபீசர் வந்தார்; குழுப் பெண்களும் ஓடி வந்து கூடினார்கள். போனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். எண்ணினார்.

"ஒண்ணுகூடக் குறையலையே!" 'தொழில் நிலையாக உள்ளது' என்று எழுதினார். சொள்ளமுத்துவின் வாயைப் பார்த்து, 'வாடிக்கையாளர் ஆர்வம் அதிகம்' என்றும் சேர்த்துக்கொண்டார். ரெண்டு மடங்கு கடனும் அங்கேயே உறுதியானது.

அந்தச் சந்தோஷத்தில் வண்டி பக்கத்தில் தானும் நின்று, பல் தெரியச் சிரித்து, இசக்கியம்மாளின் போனில் புதிதாக ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். பைக்கில் ஏறிச் சாவியைப் போட்டார்.

இசக்கியம்மாள் புதுப் படத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப் போய்ச் சாவியைப் பிடுங்கினாள்.

"எங்க சார் போறிய? படத்துல இருக்கியளே!"

"ஏம்மா, ஆபீசுக்கு..."

"ஒண்ணு குறைஞ்சாலும் வண்டி போயிரும்னு சொன்னது நீங்கதான?"

ஐந்து பேரும் அவரை அலுங்காமல் தூக்கி வந்து வண்டி ஓரத்தில் நிறுத்தினார்கள். செண்பகவடிவு படத்தை ஒத்துப் பார்த்து, "சிரிங்க சார்" என்றாள்.

சொள்ளமுத்து சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

"மொத ரெண்டு நாளுதான் சார் தாடை வலிக்கும்."