செங்கோடன் மீசையும் ஐந்து ஆள் சுவரும்

சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்கிற கரட்டுப்பாளையத்துக் கூட்டாளிகள் ஐவரை நம்பி மீசையைப் பணயம் வைத்தவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் பெயர் செங்கோடன். மறுநாள் காலை அவனுக்குக் கல்யாணம். போட்டோவில் அந்த மீசையைப் பார்த்துத்தான் பெண் சரி என்றிருந்தாள்.

தனசீலனின் வீடியோ கேம் கடையில் போட்டி. டிவியில் ஆடுகிற அமெரிக்கப் புட்பால். பெயரில்தான் கால், பந்தைக் கையால் எறிவார்கள். எறிகிறவன் செங்கோடன். அவனைச் சாய்க்க வரும் எதிராளிகளை வரிசையாக நின்று மறிக்க வேண்டியவர்கள் நம் ஐவர். தோற்ற அணித் தலைவன் மீசையை எடுக்க வேண்டும். பக்கத்தூர்க்காரர்கள் சலூன்காரரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்கள்.

தனசீலன் பாடம் சொன்னார்: "பந்து அசையற வரைக்கும் நீங்க அசையக் கூடாது. அசைஞ்சதும் செங்கோடனுக்கு முன்னாடி செவுரு மாதிரி நிக்கோணும். அவன் எறியற வரைக்கும் ஒருத்தனும் அவனைத் தொடக் கூடாது. எறிஞ்சுட்டா உங்க வேலை முடிஞ்சுது. பாதி ஆனா இடைவேளை, அப்ப யாரும் கை வைக்கக் கூடாது."

ஐவரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் குப்புராசு மூக்கில் ஈ உட்கார்ந்தது. அவன் அசையவில்லை.

பந்து அசைந்தது. ஐவரும் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, செங்கோடனுக்கு முன்னால் தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள்.

"டேய், டிவி தெரியலடா!"

"டிவி பெருசா, உசுரு பெருசா?" என்றான் அங்கண்ணன்.

"நகருங்கடா, நான் எறியோணும்!"

"நீ எறி, அப்பறம் நகர்றோம். அதான் மொறை."

"கண்ணு தெரியாம எங்கடா எறியறது?"

நியாயமான கேள்விதான். ஐவரும் நின்றபடியே யோசித்தார்கள். அதற்குள் டிவிக்குள் இருந்த செங்கோடனை எதிராளிகள் ஆற அமர வந்து படுக்க வைத்தார்கள். கடைசிவரை இதே கூத்து. அவன் ஒரு தடவைகூட எறியவில்லை. எதிரணிக்கு ஐம்பது, நமக்கு முட்டை.

"ஆனா செங்கோடன் மேல ஒரு விரல் பட்டுச்சா?" என்று குப்புராசு பெருமையாகக் கேட்டான்.

சலூன்காரர் கத்தியோடு வந்தார். செங்கோடன் இன்னும் எறியவில்லையே, ஐவரும் நகர்வார்களா? அவர் இடப்பக்கம் வந்தால் சுவரும் இடப்பக்கம் போனது. மேசைக்கடியில் நுழைந்தார், அங்கே அங்கண்ணன் உட்கார்ந்திருந்தான். அடடா, மறிப்பது என்றால் அதுவல்லவா மறிப்பது! மீசை தப்பித்துவிட்டதென்று செங்கோடனுக்குத் தலைகால் புரியவில்லை. குதித்துக் கூத்தாடி, கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை உயரே எறிந்தான்.

"எறிஞ்சுட்டான்! வேலை முடிஞ்சுது!"

ஐவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தபோது இடப்பக்க மீசை தரையில் கிடந்தது. குப்புராசு பதறிப்போய்க் கத்தினான்: "பாதி ஆயிருச்சு! இடைவேளை! கையை எடுங்க!"

சலூன்காரருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். மீதிப் பாதியைக் கல்யாணத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. "பாதியாச்சும் மிஞ்சுச்சே" என்று செங்கோடன் கண்கலங்கி ஐவரையும் கட்டிக்கொண்டான்.

மறுநாள் மணமேடையில் மீசை இருந்த பக்கம் பெண் உட்கார்ந்திருந்தாள். மீசை இல்லாத பக்கத்தை மறைத்து ஐவரும் சுவராக நின்றார்கள். பெண் ஓரக்கண்ணால் மீசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். கெட்டிமேளம் முழங்கியது. கூட்டம் மொத்தமும் எழுந்து அட்சதையை எறிந்தது.

"எறிஞ்சாச்சுடா!" என்று ஐவரும் பந்திக்கு ஓடினார்கள்.