ஏரெஸ் குன்றின் கல்

ஏதென்ஸ் நகரில் கோயிலுக்குரிய ஒலிவ மரம் ஒன்றை யாரோ வெட்டிவிட்டார்கள். தோட்டக்காரன் மோஸ்கோஸ்தான் வெட்டினான் என்று பெரிய பண்ணைக்காரர் லைக்கோன் ஏரெஸ் குன்றின் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். தீர்ப்பு எதிராகப் போனால் மோஸ்கோஸ் ஊரைவிட்டே போக வேண்டும். அவனுக்குச் சாட்சி ஒருவரும் இல்லை.

குன்றின்மேல் கற்கள் இரண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் ஒன்றிலும், குற்றம் சொன்னவர் மற்றதிலும் ஏறி, பொய் சொன்னால் தன் வம்சமே அழியட்டும் என்று சத்தியம் செய்ய வேண்டும். மோஸ்கோஸ் தன் கல்லில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டான்.

"எனக்குப் பதிலாக என் வேலைக்காரன் நிற்பான். வெறும் பாறையில் நானா நிற்பது?" என்றார் லைக்கோன். நடுவர்கள் தயங்கினார்கள்.

மோஸ்கோஸ் பணிவாகக் கேட்டான்: "ஐயா, படித்தவர் நீங்கள். இந்தக் குன்றுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?"

"இதுகூடத் தெரியாதா? போர்த் தெய்வம் ஏரெஸ் கடல் தெய்வத்தின் மகனைக் கொன்றபோது, மற்றத் தெய்வங்கள் அவரை இங்கேதான் நிறுத்தி விசாரித்தன."

"அவரும் வேலைக்காரனைத்தான் அனுப்பினாரா, ஐயா?"

குன்று முழுக்கச் சிரித்தது. லைக்கோன் முகம் சிவக்கக் கல்லில் ஏறினார். "நான் சொல்வது பொய்யானால் என் வம்சம்..."

கூட்டத்திலிருந்து அவர் தம்பி பதறி ஓடிவந்தார். "அண்ணா, நிறுத்து! வம்சம் என்றால் என் பிள்ளைகளும்தானே! உன் வயலுக்கு வழிவிட மரத்தை வெட்டியவன் நீதானே!"

மோஸ்கோஸ் இறங்கினான். அவன் நின்ற கல்லுக்கு மாறி நிற்கும்படி நடுவர்கள் லைக்கோனிடம் சொன்னார்கள்.